பெனர் போதும், பெயின்ட் எடுங்கள்



நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். கோபம் வருகிறவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வருடம் மாரிக்கு முன்னர் நம் பக்கத்து வாவிக்கரைத் துறையொன்றில் ஒரு பெனர் கட்டினார்கள். கட்டியவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை, நல்ல நோக்கத்தோடு கட்டியவர்கள்தான். ‘இங்கு ஆழம் அதிகம், குளிக்க வேண்டாம்’ என்பது செய்தி. ஆனால் பெனரில் அந்தச் செய்திக்குக் கிடைத்த இடம் மேலே ஒரு முழம். மீதியெல்லாம் அனுசரணையாளரின் படம், கழகத்தின் இலச்சினை, தலைவர், செயலாளர், பொருளாளர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய சகோதரரின் படம். வாடைக் காற்று தொடங்கி இரண்டு கிழமைக்குள் பெனரின் மேல்பாதி கிழிந்து பறந்துவிட்டது. படங்கள் கீழ்ப்பாதியில் இருந்ததால் தப்பின. மழை விட்டு, வெளியூரிலிருந்து கல்யாண வீட்டுக்கு வந்த ஒரு பிள்ளை அந்த இடத்தில் இறங்கியது. எதிரே ஐந்து பேர் சிரித்துக்கொண்டு நின்ற பெனரில் ‘ஆழம்’ என்ற சொல் இல்லை. தோணியில் வந்த ஒருவர் தலைமுடியைப் பிடித்து இழுத்து எடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தது.

அன்றைக்குப் பின்னேரம் ஆசிரியர் அறையில் நாங்கள் நாலைந்து பேர் இருந்து பேசியதுதான் இந்தக் கதையின் தொடக்கம். நம் ஊர்களில் காத்தான்குடியிலிருந்து ஏறாவூர்வரை, வெளியில் வைக்கும் எழுத்துக்கு நாம் காட்டுகிற அலட்சியத்தைப் பற்றி யாராவது பேசித்தான் ஆகவேண்டும். மேடையில் ஏறினால் பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் ஈமானின் ஒரு கிளை என்கிறோம். வீண்விரயம் ஹராம் என்கிறோம். அந்த மேடைக்குப் பின்னால் தொங்குவதோ ஒருநாள் பெனர். அடுத்த நாள் அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் தேடிப் பார்த்தோம். ஆட்டுக்கொட்டில் கூரையில் இருக்கிறது, கருவாடு காயப்போடும் இடத்தில் விரிப்பாகக் கிடக்கிறது, வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் சேற்றோடு சேறாகச் சுருண்டு கிடக்கிறது. அதில் பலவற்றின் தலைப்பில் பிஸ்மில்லாஹ் அரபு எழுத்தில் அச்சாகியிருந்தது. கிழிந்த முஸ்ஹபின் ஒரு தாளைத் தரையில் கண்டால் முத்தமிட்டு எடுத்து வைக்கிற சமூகம் நாம். அந்தப் பெனரில் கோழி எச்சமிடுவதை மட்டும் நாம் காண்பதில்லை.

2017 செப்டெம்பரில் இந்த நாட்டில் பொலித்தீனை அலங்காரத்துக்குப் பாவிக்கக் கூடாது என்று வர்த்தமானி வந்தது. சமய, அரசியல், கலாசார நிகழ்வு எதற்கும் கூடாது. அதன்பின் தோரணம் குறைந்தது, பெனர் கூடியது. பெனர் துணியில் இருப்பது பீ.வீ.சீ. என்பதால் அது அந்தத் தடையின் பெயர்ப்பட்டியலில் அகப்படவில்லை என்பது சட்டம் படித்தவர்களின் வாதம். வாவிக்குள் போனால் மீனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காற்றில் பெனர் என்ன செய்யும் என்பதற்கும் தூரம் போகத் தேவையில்லை. 2019 செப்டெம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண வீட்டுக்குக் கட்டிய பெனர் ஒன்று ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் விழுந்து, அவர் நிலைதடுமாறி, பின்னால் வந்த தண்ணீர் லொறியில் அகப்பட்டு மௌத்தானார். நம் பிரதான வீதியிலும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் அதே துணிதான் தொங்குகிறது.

சரி, பெனர் வேண்டாம் என்றால் என்ன செய்வது? ‘பழைய ஆர்ட்டிஸ்ட்மார் இப்ப எங்க சேர் இருக்காங்க?’ என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். கடைப் பலகை, லொறியின் முகப்பு, தோணியின் பெயர், பாடசாலைச் சுவர், எல்லாம் அவர்கள் கை. சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு இழுத்துவிட்டு, மாதிரி பார்க்காமல் ‘மட்டக்களப்பு’ என்று ஒரே மூச்சில் எழுதுவார்கள். அவர்களைப் பட்டினி போட்டது பெனர். இப்போது கையெழுத்துக்கு ஆள் இல்லை என்று சாட்டுச் சொல்வதும் பெனர்காரர்தான்.

அதனால் நாங்கள் நடுவழி ஒன்றைப் பிடித்தோம். ஓட்டோவின் பின் கண்ணாடிக்குத் தத்துவம் வெட்டிக் கொடுக்கும் ஸ்டிக்கர் கடை இல்லாத ஊர் இல்லை. அங்கே இருக்கும் கட்டிங் பிளொட்டர், ஒட்டும் வைனல் தாளில் நீங்கள் கொடுக்கிற எழுத்தைக் கத்தியால் வெட்டும். சாதாரணமாக அவர்கள் எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடுங்குவார்கள். நாங்கள் கேட்டது நேர்மாறு. எழுத்தைப் பிடுங்கு, சுற்றியிருப்பதை விடு. அந்த ஓட்டையுள்ள தாளைச் சுவரில் ஒட்டி, ஓட்டைக்குள் பெயின்ட் அடித்து, தாளை உரித்தால் சுவரில் எழுத்து நிற்கும். முதல் தடவை இதை விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போனது. கடைத் தம்பி தலையாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் மிச்சத்தைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, கையில் தந்தார். துறையடிக்குப் போய் விரித்த பிறகுதான் தெரிந்தது.

பழைய தகர அச்சு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். அரிசி மூட்டையில் மார்க்கு அடிக்கும் தகரத்தில் ‘ம’ வெட்டினால் நடுவில் இருக்கும் வளையம் கழன்று விழுந்துவிடும். அதனால் எழுத்துக்குக் குறுக்கே சின்னப் பாலம் விடுவார்கள், எழுத்து உடைந்த மாதிரித் தெரியும். தமிழில் இந்தத் தொல்லை கூட. வ, ல, ள, ண எல்லாவற்றிலும் சுழி இருக்கிறது. ‘வாவி’ என்று எழுதவே இரண்டு தீவு வேண்டும். வைனலில் பசை இருப்பதால் அந்தத் தீவுகள் தானாக ஒட்டி நிற்கும். மேலே ஓர் அப்ளிகேஷன் டேப் ஒட்டி முழுத்தாளையும் ஒன்றாகத் தூக்கினால் தீவு எல்லாம் தம் இடத்திலேயே சுவருக்குப் போகும். பாலமும் இல்லை, உடைந்த எழுத்தும் இல்லை.

ஆனால் வாவிக்கரைச் சுவர் வேறு. சாந்து பூசிய சுவர், உப்புக் காற்று, வருடத்தில் சில மாதம் வெயில் தீயாகக் கொளுத்தும், சில மாதம் மழை விடாது. பழைய சுண்ணாம்பின் மேல் ஒட்டினால் தாளோடு சுண்ணாம்பும் வந்துவிடும். நாங்கள் இரண்டு சுவரைப் பழுதாக்கித்தான் பழகினோம். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, பிரைமர் அடித்து, அதன்மேல் வெளிச்சுவர் எமல்ஷன் அடித்து, அதுவும் நன்றாகக் காய்ந்த பின்தான் தாளை ஒட்ட வேண்டும். புதிதாகச் சாந்து பூசிய சுவர் என்றால் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீமெந்தின் காரம் பெயின்ட்டைத் தின்றுவிடும். காலையில் பனி காய்ந்த பிறகு ஒட்டுங்கள். உச்சி வெயிலில் ஒட்டினால் வைனல் இளகி இழுபட்டு, வரி வளைந்துவிடும்.

பெரிய தொல்லை ஓரத்தால் பெயின்ட் கசிவது. சாந்துச் சுவர் சொரசொரப்பு, தாளுக்கும் சுவருக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத வழிகள் இருக்கும். அதற்குக் கண்ட வைத்தியம் இது. சுவரின் அதே நிறத்தை முதலில் ஓட்டைக்குள் மெல்லிசாக ஒற்றிவிட வேண்டும். கசிவதென்றால் அந்த நிறம் கசிந்து வழியை அடைத்துவிடும், சுவர் நிறமே என்பதால் தெரியாது. அது காய்ந்ததும் எழுத்தின் நிறத்தை ஸ்பொஞ்சால் ஒற்றவேண்டும், பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. மெல்லிசாக இரண்டு தடவை. இரண்டாவது முழுதாகக் காயும் முன்னரே தாளை மடித்து, சுவரோடு சாய்த்து, ஆறுதலாக உரிக்க வேண்டும். நாளைக்கு உரிப்போம் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் பசை சுவரில் நிற்கும், பெயின்ட் தோலாக உரியும். அதுவும் எங்களுக்கு நடந்தது. அஸருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள் என்று எழும்பிப் போனோம், தொழுதுவிட்டு வந்து உரித்திருக்கலாம், பேச்சில் மறந்துவிட்டோம்.

செலவு? இரண்டு துறைக்கும் பாடசாலை மதிலுக்கும் சேர்த்து, ஒரு பெரிய பெனருக்குக் கொடுக்கும் காசில் பாதி. ஒரு மாரி முழுக்க நனைந்தும் எழுத்து அப்படியே இருக்கிறது. மங்கினால் மேலே இன்னொரு பூச்சு. வைனலும் பிளாஸ்டிக்தானே என்று ஒரு சகோதரர் மடக்கினார். சரியான கேள்வி. பிளாஸ்டிக்தான். உரித்த தாள் ஒரு பிடிக்குள் அடங்கும், அதைக் கையோடு எடுத்துவந்து குப்பைக்குப் போடலாம். பத்து இடத்தில் ஒரே சொல்லை எழுத வேண்டுமென்றால் வைனலும் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டுங்கள், கழுவிக் கழுவிப் பாவிக்கலாம்.

இனித்தான் கோபம் வரும் பகுதி.

அச்சு ஒரு தடவை பிழைத்தால் எத்தனை சுவரில் அடிக்கிறோமோ அத்தனை சுவரிலும் பிழை. கையால் எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒரு பலகையில் பிழைவிட்டால் அடுத்த பலகையில் திருந்திவிடுவார். இயந்திரத்துக்கு வெட்கம் கிடையாது. நம் ஸ்டிக்கர் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. நாம் வட்ஸ்அப்பில் யூனிகோட்டில் அனுப்புகிறோம். பழைய கோரல் ட்ரோவில் அதை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். கடைக்காரர் திரும்ப பாமினியில் தட்டுகிறார். அங்கே ‘த’ ஒரு பொத்தான், ‘ந’ இன்னொரு பொத்தான். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய பஸ் ஆசனத்தின் மேல் ‘தா’வுக்குப் பதில் ‘நா’ போட்டு ஒட்டியிருந்த படம் நம் எல்லோருடைய ஃபோனுக்கும் வந்ததுதானே? எத்தனை பேர் சிரித்தோம், எத்தனை பேர் கொதித்தோம்! ‘நம்மட மொழியைக் கொல்றாங்க’ என்று எழுதினோம். இப்போது நம் ஊர்ப் பலகைகளைப் பாருங்கள். நாம் போட்டவற்றை, நம் காசில் போட்டவற்றை. ‘பள்ளிவாயல்’, ‘பள்ளிவாசல்’ தகராறை விடுங்கள், இரண்டும் வழக்கில் இருக்கிறது. ‘சுத்தம் பேனுவோம்’ என்று எழுதியிருப்பதை என்ன சொல்வது? அதன் கீழே நின்று பேன் பார்ப்பதா? பிள்ளைக்கு மூன்று சுழி ‘ண’வைத் திருத்திவிட்டு வந்தால், ‘சேர், மதில்ல இப்படித்தானே கிடக்கு’ என்று கேட்கிறது. அந்தப் பிள்ளையிடம் நாங்கள் என்ன சொல்வது?

நாங்களும் தப்பவில்லை. பாடசாலை மதிலுக்கு வெட்டிய முதல் தாளில் ‘தண்ணீர்’ என்ற சொல்லில் இரண்டு புள்ளியும் பிடுங்கப்படவில்லை. புள்ளி சின்ன வட்டம், தாளோடு தாளாக ஒட்டியே இருந்துவிட்டது. மூன்று ஆசிரியர்கள் பார்த்தோம், மூன்று பேரும் தவறவிட்டோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து, ‘இது தணணீர, சேர்’ என்று வாசித்துக் காட்டியது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் விட்டதற்கு ஓலை கிழியும் என்றொரு நியாயம் இருந்தது. எங்களுக்கு ஒரு நியாயமும் இல்லை. மெல்லிய பிரஷ்ஷால் புள்ளி வைத்துச் சரிப்படுத்தினோம். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த இரண்டு புள்ளியும் கொஞ்சம் கோணல்.

சிங்களத்துக்கு வருவோம். இந்த நாட்டில் எழுத்து வெளியில் நிற்பது விளையாட்டு அல்ல என்பது நம் வாப்பாமாரின் காலத்திலேயே தெரிந்த விடயம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்து வாகன இலக்கத் தகட்டில் ஒரே ஓர் எழுத்து, சிங்கள ‘ஸ்ரீ’, வந்தது. 1957, 58இல் அந்த ஓர் எழுத்துக்காக வடக்கு கிழக்கில் தாரும் தெற்கில் தாருமாகப் பூசப்பட்டு, அது எங்கே போய் முடிந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதப்பட்டது. அதற்குப் பிறகும் 2021 மே மாதம் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்து நூலகப் பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது, தமிழ் இல்லை. சத்தம் எழும்பிய பின் கழற்றினார்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம் ஊர்களில் அரபு எழுத்துப் பலகைகள் எவ்வளவு அவசரமாக இறங்கின என்பதும் மறந்திருக்காது. சிலவற்றை அடுத்தவர் சொல்லி இறக்கினோம், சிலவற்றைப் பயத்தில் நாமே இறக்கினோம்.

இவ்வளவும் அனுபவித்த நாம், துறையடியில் ஆழம் என்று சிங்களத்தில் எழுதச் சொன்னால் என்ன செய்கிறோம்? கூகிளில் போட்டு, வருவதை அப்படியே வெட்டக் கொடுக்கிறோம். பாசிக்குடாவுக்கும் கல்லடிக்கும் பஸ் பஸ்ஸாக வரும் தெற்குப் பிள்ளைகள் நம் வாவியிலும் இறங்குகிறார்கள். அவர்களுடைய உம்மாவுக்கும் பிள்ளை பிள்ளைதான். அவர்கள் மொழியில் நாம் பிழையாக எழுதினால், நம் மொழியில் அவர்கள் பிழைவிடும்போது கேட்க நமக்கு என்ன வாய் இருக்கிறது? ‘அவங்க நமக்குச் செய்யல்லயே’ என்று ஒரு காக்கா சொன்னார். அவர் மேல் மரியாதை வைத்தே சொல்கிறோம், தண்ணீரில் மூழ்குபவரிடம் கணக்குப் பார்க்கும் பேச்சு அது.

அனுசரணையாளர் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுத்தவர் பெயர் போடாவிட்டால் காசு வராது என்கிறார்கள். எங்களுக்குப் பெயின்ட் வாங்கித் தந்தவர் ஒரு நிபந்தனைதான் வைத்தார், தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்று. ஆகவே அப்படியானவர்கள் இல்லை என்று சொல்லாதீர்கள். நாம் கேட்காமல் இருக்கிறோம். பெயர் போட்டே ஆகவேண்டும் என்றால் போடுங்கள், கீழே ஓர் அங்குல எழுத்தில். எச்சரிக்கை மேலே, தூரத்திலிருந்து வாசிக்கும் அளவில். பலகைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று. அது ஆங்கில எழுத்துக்குப் பார்த்த கணக்கு. ‘ண’, ‘ணை’ மாதிரிச் சுழி நிறைந்த எழுத்துக்கு அது போதாது, கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். சின்னதாக வெட்டினால் சுழிக்குள் பெயின்ட் நிறைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். முகப்படம் மட்டும் வேண்டாம். அச்சில் முகம் வெட்டுவது கஷ்டம் என்பது இந்த முறையின் இன்னொரு பரக்கத்.

ஆர்ட்டிஸ்ட்மாரையும் விடக் கூடாது. ஏறாவூரில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரைக் கண்டோம். கை நடுங்குகிறது, ஏணியில் ஏற முடியாது. கடதாசியில் பென்சிலால் எழுதித் தரச் சொன்னோம். ‘ஆழம்’ என்று எழுதினார். அந்த ‘ழ’வை நீங்கள் பார்க்க வேண்டும், வாவிக்குள் இறங்கி வளைந்த மாதிரி ஒரு வால். அதை ஸ்கேன் பண்ணி, கோடு பிடித்து, பிளொட்டருக்குக் கொடுத்தோம். அவர் கை நடுக்கத்தையும் இயந்திரம் அப்படியே வெட்டியது, நாங்கள் திருத்தவில்லை. அதற்குக் கூலி கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார், சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தோம். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் ஊர் ஊராக இருக்கிறார்களோ, அவர்கள் இருக்கும்போதே அகரம் முழுவதையும் எழுதி வாங்கிவிடலாம். எல்லாச் சுவரும் பாமினி முகத்தோடு நிற்கத் தேவையில்லை.

அடுத்து எங்கள் கையில் மூன்று துறையும் ஒரு பாலர் பாடசாலைச் சந்தியும் இருக்கின்றன. சபையில் அனுமதி கேட்டிருக்கிறோம், சுவர் சொந்தக்காரர்களிடமும் கேட்டிருக்கிறோம். யாருடைய மதிலிலும் கேளாமல் எழுதமாட்டோம். வெட்டக் கொடுக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் நான்கு பேர் சத்தமாக, எழுத்தெழுத்தாக, புள்ளி உட்பட வாசிப்பது எங்கள் சட்டம். தமிழுக்கு ஆள் போதும். பிள்ளைகளில் ஆறாம் வகுப்புக்காரி கட்டாயம் வருவாள், அவள் பார்க்காமல் இனி எதையும் வெட்டுவதில்லை.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு துறையடியில் சுவர் கழுவுகிறோம். பழைய சட்டையோடு வாருங்கள். வயர் பிரஷ் இருந்தால் கொண்டுவாருங்கள். சிங்களம் சரியாக எழுதத் தெரிந்த ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை, அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள். வீட்டுக்கு வந்து அழைத்துப் போகிறோம்.